கடைசி மரம், ஒரே மரம்: மொரீஷியஸ் காடுகளின் 400 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க திருத்தியிருக்கு. பேச்சு நடையை முழுசா மாத்தல.)

போன எபிசோட் கொஞ்சம் ஹெவியா போச்சுன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. சரி, இந்த வாரம் மரம், செடி, பூன்னு ஜாலியா போவோம்னுதான் ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க இதுவும் ஹெவி ஆயிடுச்சு. ஆனா நல்ல ஹெவி. நம்பி வாங்க.

ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற எந்த ஐ.டி. பார்க்குக்குப் போனாலும், புதுசா கட்டின அபார்ட்மென்ட் வாசல்ல நின்னாலும், ஒரு குட்டையான பனை மாதிரி மரம் கண்ணுல படும். அடியில தொப்பை போட்டு, மேல கழுத்து ஒடுங்கி, உச்சியில நாலஞ்சு ஓலை மட்டும் இருக்கும். நர்சரியில கேட்டா "பாட்டில் பாம்"னு சொல்லுவாங்க. (நெட்டையா வழவழன்னு வளர்ற ராயல் பாமையும் சிலர் அதே பேர்ல விக்கிறாங்க. நான் சொல்றது அந்தத் தொப்பைக்காரரை.) லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர்களுக்கு ரொம்பப் பிடிச்ச மரம். உலகம் முழுக்க ஹோட்டல் வாசல்ல லட்சக்கணக்குல நிக்குது.

இந்த மரத்தோட சொந்த ஊர் ரவுண்ட் ஐலண்ட்னு ஒரு பாறைத் தீவு. மொரீஷியஸுக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, கடலுக்கு நடுவுல நிக்கிற ஒரு எரிமலைத் துண்டு. பரப்பளவு சுமார் 220 ஹெக்டேர்தான். அங்க காட்டுல தானா முளைச்சு வளர்ந்த பாட்டில் பாம் ஒரு கட்டத்துல ஒரு கைப்பிடி அளவுக்குக் குறைஞ்சுபோச்சு. காரணம், எப்பவோ கப்பல்ல வந்தவங்க விட்டுட்டுப் போன ஆடும் முயலும். கன்று தலை தூக்கினா ஆடு, ஆட்டுக்குத் தப்பினா முயல். கிழட்டு மரம் ஒவ்வொண்ணா சாயும், அந்த இடத்துக்கு அடுத்தது வராது. 1979-க்குள்ள ஆடுகளை ஒழிச்சாங்க, 1986-ல முயல்களை. அதுக்கப்புறம்தான் தீவு மறுபடி பச்சை பிடிக்க ஆரம்பிச்சது.

உலகம் முழுக்க பார்க்கிங் லாட்ல நிக்கிற ஒரு மரம், சொந்த ஊர்ல அழிவோட விளிம்புல இருக்குன்னா, அங்க என்னதான் நடந்தது? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். மொரீஷியஸ், பக்கத்துல ரொட்ரிக்ஸ். மஸ்கரீன் தீவுக்கூட்டம்னு சொல்லுவாங்க. மூணாவது தீவு ரியூனியன், அது இப்பவும் பிரான்ஸோட சேர்ந்தது, அதை இன்னைக்கு விட்டுடுவோம்.

முதல்ல ஒரு அடிப்படை. தீவுல ரெண்டு வகை உண்டு. இலங்கை மாதிரி, ஒரு காலத்துல கண்டத்தோட ஒட்டியிருந்து, கடல் மட்டம் உயர்ந்து பிரிஞ்சது ஒரு வகை. அங்க பிரியும்போதே யானை, சிறுத்தை, பாம்பு, மரம் எல்லாம் இருக்கும். இன்னொண்ணு ஓஷியானிக் ஐலண்ட், நடுக்கடல் தீவு. கடலடி எரிமலை வெடிச்சு, குழம்பு அடுக்கடுக்கா குளிர்ந்து, ஒருநாள் தண்ணிக்கு மேல தலை நீட்டும். அன்னைக்கு அதுல ஒரு புல் கூடக் கிடையாது. வெறும் கருங்கல். அதுக்கப்புறம் அங்க வர்ற ஒவ்வொரு உயிரும் கடலைத் தாண்டித்தான் வரணும்.

மொரீஷியஸ் அந்த ரெண்டாவது வகை. வயசு சுமார் 80 லட்சம் வருஷம். மடகாஸ்கர்லேர்ந்து 800 கிலோமீட்டருக்கும் மேல தள்ளியிருக்கு. மனுஷன் வராம, தானா வந்து சேர்ந்த பூக்கும் தாவரம்னு கணக்கெடுத்தா சுமார் 690 வகை. கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்க. ஒவ்வொரு வகையும் தனித்தனியா கடல் தாண்டி வந்ததுன்னே வச்சுக்கிட்டாலும், சராசரியா 11,600 வருஷத்துக்கு ஒரு விதைதான் வெற்றிகரமா வேர் பிடிச்சிருக்கு. நிஜத்துல அதைவிடக் கம்மி. ஏன்னா வந்த ஒரு விதையோட வம்சமே கிளை கிளையாப் பிரிஞ்சு நாலு, அஞ்சு, பத்து புது வகையா ஆயிருக்கு. அந்த 690-ல கிட்டத்தட்ட 40 சதவீதம் மொரீஷியஸைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இயற்கையா கிடையாது. எண்டெமிக்னு சொல்றது இதைத்தான், அந்த மண்ணுக்கு மட்டுமே உரியது.

விதை எப்படிடா கடலைத் தாண்டும்னு டார்வினுக்கே சந்தேகம். மனுஷன் வீட்டுல பாத்திரத்துல உப்புத்தண்ணியை ஊத்தி, 87 வகை விதையைப் போட்டு, 28 நாள் கழிச்சு எடுத்து நட்டுப் பார்த்தாரு. 64 வகை முளைச்சது. அந்தப் பரிசோதனையைப் பத்தி 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்துலயே எழுதியிருக்காரு. 1836-ல பீகிள் கப்பல் திரும்பி வரும்போது மொரீஷியஸ்லயும் சில நாள் தங்கினாரு. அங்க ரோடு போடுற வேலையில இருந்த இந்தியக் கைதிகளைப் பத்திக் குறிச்சு வச்சிருக்காரு. அவர் பார்த்த தீவுல மலைச்சரிவுல காடு இன்னும் மிச்சம் இருந்தது, கீழ சமவெளியில கரும்பு பரவிக்கிட்டிருந்தது.

இப்ப ஒரு விதை வந்து விழுந்தாச்சு. அடுத்து என்ன ஆகும்? இங்கதான் தீவுப் பரிணாமம் வேடிக்கை காட்டும். மொரீஷியஸ்ல சொந்தமா தரையில நடமாடுற பாலூட்டி ஒண்ணு கூடக் கிடையாது. மான் இல்ல, ஆடு இல்ல, எலி இல்ல, குரங்கு இல்ல. பறந்து வந்த வௌவால் மட்டும் உண்டு. மேயறதுக்கு யாருமே இல்லாத ஊர்ல முள்ளு எதுக்கு, கசப்பு எதுக்கு? பாதுகாப்புக்குச் செலவழிக்கிற சக்தியை மிச்சம் பிடிச்ச செடிதான் ஜெயிக்கும். நம்ம பாஷையில சொன்னா, யாருமே அட்டாக் பண்ணாத இன்டர்னல் நெட்வொர்க்ல இருக்கிற சர்வர். ஃபயர்வால் எல்லாம் எடுத்தாச்சு, நல்லா வேகமா ஓடுது. நெட்டுல கனெக்ட் பண்ற வரைக்கும்.

ஆனா மேயற ஜீவனே இல்லன்னு சொல்ல முடியாது. ராட்சச ஆமைகள் இருந்தது. மொரீஷியஸ்ல ரெண்டு வகை, ரொட்ரிக்ஸ்ல ரெண்டு வகை. 1691-லேர்ந்து 1693 வரைக்கும் ரொட்ரிக்ஸ்ல தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா லெகா, தரையில கால் வைக்காம ஆமை முதுகு மேலயே நூறடி தூரம் நடக்கலாம்ங்கிற அளவுக்குக் கூட்டம் கூட்டமா இருந்ததா எழுதியிருக்காரு. வேற ஊர்ல மான் செய்யற வேலையை இங்க ஆமை செஞ்சது. பழத்தைத் தின்னு விதையைப் பரப்பறது டோடோவும் ஆமையும் வௌவாலும் கிளியும். பூவுக்கு மகரந்தம் கடத்தறதுல பல்லி கூட உண்டு. பச்சைப் பசேல்னு இருக்கிற டே கெக்கோ பல்லிகள். செங்குத்துப் பாறையில வளர்ற நெஸோகோடான்னு ஒரு செடி, பூ வெளிர் நீலம், உள்ள இருக்கிற தேன் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புத் தேன் பல்லியை இழுக்கத்தான்னு நினைக்கிறாங்க.

சரி, வரலாறுக்கு வருவோம். 1598-ல டச்சுக் கப்பல்கள் வந்து இறங்கினது. அவங்க இளவரசர் மௌரிட்ஸ் பேரை வச்சாங்க. 1638-ல குடியேற்றம். எதுக்குன்னு நினைக்கிறீங்க? கருங்காலிக்கு. இப்ப நம்ம ஊர்ல கருங்காலி மாலை போட்டா கஷ்டம் தீரும்னு ஒரு பெரிய பிசினஸ் ஓடிக்கிட்டிருக்கே, அதே குடும்பம். தும்பிலி மரம் இருக்கிற டயோஸ்பைரஸ் பேரினம். மொரீஷியஸ்ல மட்டும் இந்தப் பேரினத்துல கிட்டத்தட்ட ஒரு டஜன் வகை உருவாகியிருந்தது. அதுல உள்மரம் மையாட்டம் கறுப்பா, வழவழன்னு இருக்கிறதுக்கு ஐரோப்பாவுல கொள்ளை விலை. பிரச்சினை என்னன்னா, கருங்காலி ரொம்ப நிதானமா வளர்ற மரம். ஒரு மரத்தை வெட்டினா, அதே பருமனுக்கு இன்னொண்ணு வர்றதுக்கு வெட்டினவனோட கொள்ளுப்பேரன் காலம் ஆயிடும்.

டச்சுக்காரங்க ரெண்டு தடவை முயற்சி பண்ணி, 1710-ல மொத்தமா மூட்டை கட்டிட்டுப் போயிட்டாங்க. போகும்போது கருங்காலியை மட்டும் எடுத்துட்டுப் போகல, நிறைய விட்டுட்டும் போனாங்க. ஜாவாவிலேர்ந்து கொண்டு வந்த மான், கரும்பு, பன்றி, எலி. நீளவால் குரங்கு எப்படியோ இதே காலத்தை ஒட்டி வந்து சேர்ந்தது. டோடோவைக் கடைசியா பார்த்ததா பெரும்பாலும் ஒத்துக்கிற வருஷம் 1662. நாம எல்லாரும் டோடோவை மாலுமிங்க அடிச்சுத் தின்னு தீர்த்துட்டாங்கன்னு படிச்சிருக்கோம். அதைவிட, தரையில முட்டை வைக்கிற பறவைக்கு எலியும் பன்றியும் குரங்கும் என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்து பிரெஞ்சுக்காரங்க. இங்க ஒரு சுவாரஸ்யமான ஆளு வர்றாரு, பியர் புவாவ்ர். 1767-லேர்ந்து 1772 வரை தீவோட நிர்வாகி. அதிகாரியா வர்றதுக்கு முன்னாடி ஆசியா முழுக்க சுத்தினவரு. மரத்தை வெட்டிக்கிட்டே போனா மழை குறையும், ஆறு வத்தும், மண்ணு கரைஞ்சு போகும்னு அவருக்கு உறுதியான நம்பிக்கை. 1769-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. நிலம் வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் நிலத்துல கால்வாசியைக் காடாவே வச்சிருக்கணும், முக்கியமா மலைச்சரிவுல. மழைக்காகக் காட்டைக் காப்பாத்தணும்னு காலனி ஆட்சியில போட்ட ஆரம்பகாலச் சட்டங்கள்ல இது ஒண்ணு. சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் இதை மையமா வச்சே 'கிரீன் இம்பீரியலிசம்'னு தடிமனா ஒரு புத்தகம் எழுதியிருக்காரு. சூழல் பாதுகாப்புங்கிற எண்ணமே இந்த மாதிரி சின்னத் தீவுகள்லதான் உருவாச்சுன்னு அவர் வாதம். பெரிய கண்டத்துல காடு அழிஞ்சா அடுத்த மலைக்குப் போயிடலாம். தீவுல ஒரே தலைமுறையில அழிவு கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

ஆனா அதே புவாவ்ர்தான் பாம்ப்ளமூஸ் தோட்டத்தைப் பெருசாக்கி, உலகம் முழுக்க இருந்து செடி இறக்கினாரு. மொலுக்கஸ் தீவுகள்லேர்ந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை டச்சுக்காரங்க கண்ணுல மண்ணைத் தூவிக் கடத்திட்டு வந்தது அவர் ஏற்பாடுதான். ஒரு கையில காட்டைக் காப்பாத்துற சட்டம், இன்னொரு கையில வெளிநாட்டுச் செடி. ரெண்டையும் அவர் ஒரே வேலையாத்தான் பார்த்தாரு. அந்தக் காலத்து அறிவுக்கு அது தப்புன்னு தோணவே வாய்ப்பில்ல.

1810-ல பிரிட்டிஷ். அதுக்கப்புறம் கரும்பு, கரும்பு, கரும்பு. அதுவரை ஆப்பிரிக்காவிலேர்ந்தும் மடகாஸ்கர்லேர்ந்தும் அடிமையா பிடிச்சு வந்தவங்கதான் நிலத்தைத் திருத்தினாங்க. 1834-லேர்ந்து ஒப்பந்தக் கூலிகளா இந்தியாவிலேர்ந்து, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் துறைமுகங்கள் வழியா, மொத்தம் 4.5 லட்சம் பேர் வரைக்கும் போனாங்க. அதுல தமிழர்கள் நிறைய. அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, லபூர்தொனே கவர்னரா இருந்தப்ப, பாண்டிச்சேரியிலேர்ந்து கொத்தனார், தச்சர்னு நம்ம ஆளுங்க அங்க போய்ட்டாங்க. இன்னைக்கும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. அங்க கரும்புக் காட்டு நடுவுல கோபுரம் மாதிரி கல்லைக் குவிச்சு வச்சிருக்கிறதைப் படத்துல பார்த்திருப்பீங்க. எரிமலைக் கல்லைக் கையால பொறுக்கி அடுக்கினது. கரும்பு நடணும்னா முதல்ல மரத்தை எடுக்கணும், அப்புறம் கல்லை எடுக்கணும். காடு போனதுக்கு யாரைக் குத்தம் சொல்றதுன்னு கேட்டா, நான் கல் பொறுக்கின ஆளை விட்டுட்டு, சர்க்கரை விலையைத்தான் பார்ப்பேன்.

நம்ம ஊர் செடிகளும் போச்சு. குருக்கத்தி தெரியுமா? மாதவிக்கொடின்னும் சொல்லுவாங்க, இலக்கியத்துல அடிக்கடி வர்ற வாசனைப் பூ. நம்ம பக்கம் அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும். மொரீஷியஸ்லயும் ரியூனியன்லயும் அது காட்டையே மூடிப்போடுற அரக்கன். விதைக்கு மூணு இறக்கை, காத்துல சுழன்டு சுழன்டு போகும், மரத்து மேல ஏறி வெளிச்சத்தை அடைச்சு ஆளையே சாய்ச்சிடும். உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல குருக்கத்தி இருக்கு. அதே பட்டியல்ல லிகஸ்ட்ரம் ரோபஸ்டம், இலங்கையிலயும் தென்னிந்திய மலைகள்லயும் சாதுவா இருக்கிற ஒரு சின்ன மரம். மஸ்கரீன்ல போய் அது ரவுடி. மூணாவது, சைனீஸ் கொய்யா. பேருதான் சைனீஸ், ஊரு பிரேசில். குட்டிச் சிவப்புப் பழம், ருசியா இருக்கும், மொரீஷியஸ் மக்கள் சீசன்ல குடும்பத்தோட காட்டுக்குப் போய்ப் பறிச்சுத் தின்பாங்க. அந்தக் கொய்யாப் புதர்ல நாட்டு மரத்தோட கன்று ஒண்ணு கூட முளைக்க முடியாது. மக்களுக்குப் பிடிச்ச பழம், காட்டுக்கு எமன். வெட்டிப் போடுன்னு சொல்றது சுலபமில்ல.

இன்னைக்கு மொரீஷியஸ்ல நல்ல நிலையில மிச்சமிருக்கிற சொந்தக் காடு 2 சதவீதத்துக்கும் கம்மி.

இப்ப ரெண்டு மரத்தோட கதை. முதல் கதையை நீங்க வாட்ஸ்அப் ஃபார்வர்டுல படிச்சிருப்பீங்க. டம்பலகோக்குன்னு ஒரு மரம். டோடோ அழிஞ்சதால அந்த மரமும் அழியுது, ஏன்னா அதோட விதை டோடோ வயித்துக்குள்ள போய் வந்தாத்தான் முளைக்கும்னு வருமே, அதுதான். "இயற்கையில எல்லாம் ஒண்ணோடொண்ணு பிணைஞ்சிருக்கு"ன்னு முடியும்.

இது எங்க ஆரம்பிச்சதுன்னா, 1977-ல. ஸ்டான்லி டெம்பிள்னு அமெரிக்கப் பறவையியலாளர், 'சயின்ஸ்' இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினாரு. தீவுல மிச்சம் 13 மரம்தான் இருக்கு, எல்லாமே 300 வயசுக்கு மேல, அதாவது டோடோ போனதுக்கப்புறம் ஒரு கன்று கூட வரலன்னு வாதம். டோடோவுக்குப் பதிலா வான்கோழி. 17 விதையை வான்கோழிக்குத் திணிச்சாரு. 7 அரைவைப்பையில நசுங்கிப் போச்சு, 10 முழுசா வெளிய வந்தது. நட்டதுல 3 முளைச்சது. அவ்வளவுதான் டேட்டா.

நீங்க டெஸ்டிங் டீம்ல இருந்தா இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீங்க. வான்கோழி வயித்துக்குப் போகாத விதையை நட்டுப் பார்த்தாரா? இல்ல. ஏ/பி டெஸ்ட்ல ஏ-யே கிடையாது, பி மட்டும்தான். ஆனா கதை அவ்வளவு அழகா இருந்ததால பத்திக்கிச்சு. ஸ்டீஃபன் ஜே கூல்ட் மாதிரி பெரிய ஆளே தன் கட்டுரைத் தொகுப்புல சேர்த்தாரு. பாடப் புத்தகங்களுக்குப் போச்சு. ஆனா மொரீஷியஸ் வனத்துறையில இருந்த ஓவடாலி 1979-லயே அதே 'சயின்ஸ்' இதழ்ல மறுப்பு எழுதினாரு. வயித்துக்குள்ள போகாமயே விதை முளைச்சதா 1941-லயே ஒரு தாவரவியலாளர் பதிவு பண்ணியிருக்காரு. அப்புறம் 1991-ல விட்மர், சீக்கின்னு ரெண்டு பேர் மொத்தத்தையும் அலசினாங்க. விதைக்கொட்டையில இயற்கையாவே ஒரு பிளவுக்கோடு இருக்கு, முளைக்கும்போது அந்தக் கோட்டுல பிளந்துக்கும். 13 மரம்ங்கிறதும் தப்பு, நூத்துக்கணக்குல இருக்கு. 300 வயசுக்குக் குறைஞ்ச மரமும் இருக்கு. அந்த மரத்துல வருஷ வளையம் ஒழுங்கா விழாததால வயசை உறுதியா சொல்றதே கஷ்டம்.

சொந்தக்காரங்க யாருன்னு பார்த்தா டம்பலகோக் நம்ம இலுப்பை, மகிழம், சப்போட்டா குடும்பம். இலுப்பைக் கொட்டையைப் பார்த்தவங்களுக்கு அந்த வழவழ ஓடு எப்படியிருக்கும்னு தெரியும்.

அப்ப மரம் ஏன் குறைஞ்சது? குரங்கு காயிலயே பறிச்சுக் கடிச்சுப் போட்டுடுது. பழுத்து விழுந்ததைப் பன்றி மேயுது. முளைச்சதை மான் தின்னுது. மிஞ்சினது கொய்யாப் புதருக்கு அடியில வெளிச்சம் இல்லாம சாகுது. இந்தப் பதில்ல அழகு கம்மி, ஒரே வில்லன் கிடையாது. எனக்கு டெம்பிள் மேல கோவம் இல்ல. ஆனா டோடோ கதையில ஒரு ஆபத்து இருக்கு. டோடோ போச்சு, அதனால மரமும் போகும், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அது கையை விரிச்சிடுது. உண்மையான காரணத்துக்குப் பண்ண வேலை இருக்கு. வேலி போடலாம். களை எடுக்கலாம். 1980-கள்லேர்ந்து மொரீஷியஸ் காட்டுக்குள்ள சின்னச் சின்னத் துண்டுகளுக்கு மான், பன்றி நுழையாம வேலி கட்டி, உள்ள ஆளை விட்டுக் கையாலயே கொய்யாவைப் பிடுங்கறாங்க. வருஷா வருஷம். நிறுத்தினா அடுத்த மழைக்கு மறுபடி கொய்யா.

ரெண்டாவது கதை ரொட்ரிக்ஸ்ல. மொரீஷியஸுக்குக் கிழக்கே 560 கிலோமீட்டர், பரப்பு வெறும் 108 சதுர கிலோமீட்டர். அங்க கஃபே மரோன்னு ஒரு செடி. காபி குடும்பம். நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ. கிரியோல்ல மரோன்னா காட்டுத்தனமானதுன்னு அர்த்தம். தப்பிச்சு மலைக்கு ஓடின அடிமைகளுக்கும் அதே சொல்தான். இந்தச் செடிக்கு இளசுல ஒரு இலை, முதிர்ந்தா வேற இலை. கன்றுல ஒல்லியா, நீளமா, பழுப்புப் புள்ளியோட காய்ஞ்ச சருகு மாதிரி இருக்கும். உயரம் வந்தப்புறம்தான் அகலமான பச்சை இலை விடும். ஆமை வாய்க்கு எட்டுற உயரம் வரைக்கும் வேஷம் போடுதுன்னு ஒரு விளக்கம் உண்டு. மஸ்கரீன் செடிகள் பலதுல இந்த ரெண்டு இலை வித்தை இருக்கு.

இது அழிஞ்சே போச்சுன்னு இருபதாம் நூற்றாண்டு நடுவுல முடிவு கட்டிட்டாங்க. 1980-ல ரொட்ரிக்ஸ்ல ஒரு பள்ளி ஆசிரியர், தீவோட அரிய செடிகளைத் தேடுங்கன்னு பசங்களுக்கு வேலை கொடுத்து, பழைய படம் ஒண்ணைக் காட்டியிருக்காரு. ஒரு பையன் ஒரு கிளையோட வந்து நின்னான். ரோட்டோரமா, ஆடு மாடு கடிச்சு, பூச்சி அரிச்சு, ஒரே ஒரு செடி நின்னுக்கிட்டிருந்தது. உலகத்துக்கே ஒண்ணு.

உடனே என்ன ஆகியிருக்கணும்? ஊரே காப்பாத்தியிருக்கணும். ஆனா செய்தி பரவினதும், போதை தெளியவும் பால்வினை நோய்க்கும் அது நல்ல மருந்துங்கிற பழைய நம்பிக்கை கிளம்பி, ஆளாளுக்குக் கிளையை ஒடிச்சுட்டுப் போனாங்க. வேலி போட்டாங்க. வேலியைத் தாண்டினாங்க. அதைச் சுத்தி இன்னொரு வேலி. எனக்கு அந்த ஊர்க்காரங்க மேல சிரிப்பு வரல. அழியுதுன்னு கேள்விப்பட்டதும் கடைசியா ஒண்ணு வாங்கி வச்சுக்குவோம்னு ஓடற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. கருங்காலி மாலையைக் கொஞ்சம் முன்னாடிதான் பேசினோம்.

இதுக்கு அறிவியல் பேர் ராமோஸ்மேனியா ராட்ரிகேசி. பேர் வச்சவர் டி. டி. திருவேங்கடம், மொரீஷியஸ் தாவரவியலாளர். காபி குடும்பத்துல ஸ்பெஷலிஸ்ட். அறிவியல் பேருக்குப் பின்னால "திர்வெங்"னு சுருக்கமா அவர் பேர் ஒட்டியிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்த இடத்துல நான் ஒரு நிமிஷம் நின்னுட்டேன்.

1986-ல சில கட்டிங்கை வெட்டி, விமானத்துல லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினாங்க. ஒண்ணு வேர் பிடிச்சது. அதுலேர்ந்து இன்னும் சில. பூ வருஷம் முழுக்கக் கொட்டுது, காய் மட்டும் இல்ல. எல்லாமே ஒரே செடியோட நகல்தானே. பேக்கப் எத்தனை எடுத்தாலும் அதே ஃபைல்தான். தன்னோட மகரந்தத்தைத் தானே ஏத்துக்கல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல இப்படியே போச்சு. உயிரோட இருக்கு, ஆனா வம்சம் இல்ல.

அப்புறம் கார்லோஸ் மக்தலேனான்னு ஸ்பெயின்காரர் ஒருத்தர் கியூல சேர்ந்தாரு. அவரு பண்ணினது கிட்டத்தட்ட ஒரு ஹேக். பூவோட சூல்முடி மகரந்தத்தைத் தடுக்குதுன்னா, சூல்முடியையே வெட்டிட்டு, வெட்டின தண்டு மேல மகரந்தத்தைத் தடவினா? ஒரு பூ, ரெண்டு பூன்னு 200 தடவை கிட்டத்தட்ட. 2003-ல ஒரு காய் நின்னது. அதுல சில விதை. அப்புறம் சூடு அதிகமான இடத்துல வச்ச செடிகள்ல காய் பிடிக்கிறது சுலபம்னு கண்டுபிடிச்சு, விதை எண்ணிக்கை ஏறிச்சு. அந்த விதைச் செடிகள் திரும்ப ரொட்ரிக்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடியல. மொரீஷியஸ்ல க்யூர்பிப் தாவரவியல் தோட்டத்துல ஹையோஃபோர்பி அமரிகாலிஸ்னு ஒரு பனை நிக்குது. நம்ம பாட்டில் பாமோட அதே பேரினம். உலகத்துல அந்த இனத்துல அது ஒண்ணுதான். ஆண் பூ ஒரு நேரம் பூக்குது, பெண் பூ வேற நேரம். விதைக்குள்ள இருக்கிற கருவைப் பிரிச்சு எடுத்து ஆய்வகத்துல வளர்த்தாங்க, மண்ணுக்கு மாத்தினதும் செத்துப்போச்சு. மரத்தைச் சுத்தி சாரம் கட்டி வச்சிருக்காங்க. மொரீஷியஸ் சூறாவளி அடிக்கிற ஊர். ஒவ்வொரு சீசனும் ஒரு சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்.

இன்னொரு சண்டை இப்பவும் ஓடுது. மொரீஷியஸ் பழந்தின்னி வௌவால். டோடோ இல்ல, ஆமை இல்ல, பெரிய கிளி இல்ல. பெரிய விதையை விழுங்கியோ தூக்கிட்டுப் போயோ பரப்பறதுக்கு மிச்சமிருக்கிற முக்கியமான ஆளு இதுதான். காட்டுல பழம் குறைஞ்சதால தோட்டத்து லிச்சிக்கும் மாம்பழத்துக்கும் வருது. விவசாயிகள் கத்தினாங்க. அரசாங்கம் சட்டம் போட்டு 2015, 2016, 2018-ன்னு ஆயிரக்கணக்குல சுட்டுத் தள்ளிச்சு. 2018-ல அந்த வௌவால் 'அழியும் ஆபத்தில்'ங்கிற பட்டியலுக்கு ஏறிச்சு. வீட்டு முற்றத்துல ஒரே லிச்சி மரம், அதுல வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்ங்கிற குடும்பத்தோட கோவம் எனக்குப் புரியுது. ஆனா வலை போட்டா பழம் நிறைய தப்பும். வலைக்கு மானியமும் கொடுத்தாங்க. சுடறது போட்டோவுல நல்லா வரும், வலை கட்டறது வராது. என்னைக் கேட்டா, அந்தக் காசு மொத்தமும் வலைக்குப் போயிருக்கணும்.

கடைசியா ஒரு சின்னத் தீவு. ஈல் ஓ ஏக்ரெட், 26 ஹெக்டேர், கரையிலேர்ந்து படகுல சில நிமிஷம். அங்க ஒரு வகைக் கருங்காலி. 1980-கள் ஆரம்பம் வரைக்கும் வெட்டிட்டே இருந்தாங்க. வெட்டறதை நிறுத்தினப்புறமும் வெட்டின இடத்துல புதுக் கன்று வரல. பழம் தாய்மரத்துக்கு அடியிலயே விழுந்து கிடக்கு, தூக்கிட்டுப் போக ஆளில்ல. 2000-ல அல்டாப்ரா தீவு வகை ராட்சச ஆமைகளைக் கொண்டு வந்து விட்டாங்க. மொரீஷியஸோட சொந்த ஆமை செத்து ரெண்டு நூற்றாண்டு ஆகுது, இது வேற இனம், வேற ஊர். வெளிநாட்டு மிருகத்தால நாசமான தீவுல இன்னொரு வெளிநாட்டு மிருகமான்னு நிறைய பேர் முகம் சுளிச்சாங்க, நியாயமான பயம்தான். ஆனா ஆமையை வேலிக்குள்ள வைக்கலாம், எண்ணலாம், வேணாம்னா தூக்கிட்டும் போகலாம். முயலை அப்படிப் பண்ண முடியாது. ஆமைங்க கருங்காலிப் பழத்தைத் தின்னு, நடந்து, வெட்டின இடத்துல சாணி போட்டது. 2011-ல கிறிஸ்டின் கிரிஃபித்ஸும் கூட்டாளிகளும் ஆய்வு முடிவை வெளியிட்டாங்க. ஆமை வயித்துக்குப் போய் வந்த விதை, போகாத விதையைவிட நல்லா முளைக்குது. இந்தத் தடவை ஏ, பி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. மரம் இல்லாத இடத்துல கன்று கூட்டமா நிக்குது. இன்னும் முட்டி உயரம்தான். கருங்காலி ஆச்சே, அவசரப்படாது.

இந்த வாரம் இவ்வளவுதான். அபார்ட்மென்ட் வாசல்ல தொப்பை வச்ச பாட்டில் பாம் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ஒரு கணக்கு சொல்றேன். வரட்டா!